முப்பத்தைந்து டிகிரி

பிப்ரவரி 4

அன்புத் தங்கைக்கு,

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? நீ மதியச் சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை வழக்கம்போல மாலை நான்கு மணிக்கா?

ஒரு வேலை கேட்டு எழுதுகிறேன். உறைக்குள் ஒரு பென் டிரைவ் இருக்கிறது. அதில் நான் இரண்டு வருடமாகக் கட்டிய மாடல். ஒரு புரத மூலக்கூறு. அதன் நடுவில் ஒரு குழி. அந்தக் குழியில் மருந்து போய் உட்கார்ந்தால் நோய் நிற்கும் என்பதுதான் என் ஆராய்ச்சி. மே மாதம் பெரிய கூட்டம், வெளியிலிருந்தெல்லாம் ஆள் வருகிறார்கள். போன வாரம் பேராசிரியரிடம் படமாகக் காட்டினேன். பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டார். "என்னப்பா இது, சிக்கு விழுந்த நூல்கண்டு மாதிரி இருக்கு. அசையாம நின்னா எவனுக்குப் புரியும்? கேமராவை உள்ள கொண்டு போ. பாக்கறவன் அந்தக் குழிக்குள்ள விழணும்" என்றார்.

எனக்கு உன் நினைவுதான் வந்தது. இன்னும் கட்டாத வீட்டுக்குள்ளே ஜனங்களை நடக்கவைத்துக் கூட்டிப்போகிறவள் நீ. என் மூலக்கூறுக்குள் நாலு நிமிடம் நடக்கவை, போதும்.

இன்னொன்று. இங்கே காட்சிக்கூடம் என்று புதிதாக ஒரு பிரிவு வரப்போகிறது. மாடல்களைப் படமாக்குவதற்கு ஒரே ஒரு ஆள் எடுப்பார்கள். படம் நன்றாக வந்தால் உன் பெயரைச் சொல்வேன்.

மெயிலில் எதுவும் எழுதாதே. நிர்வாகம் எல்லாவற்றையும் பார்க்கும். வெளியிடாத மாடலை வெளியே கொடுத்தேன் என்று ஆகிவிடும். தபால்தான்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்

*

பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா நடக்கிறாள், ஆனால் படி ஏறுவதில்லை. நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

நீ சொன்னது சரிதான். இது என் வேலைதான். ஆறு வருடமாக இந்த ஸ்டூடியோவில் வீடு விற்கிறேன். கேமரா வாசலில் நுழையும், கூடத்தில் திரும்பும், ஜன்னல் பக்கம் போய் நிற்கும். பின்சுவருக்கு நேரே அடுத்த கட்டடத்தின் கழிவுக்குழாய் இருக்கும், கேமரா அந்தப் பக்கம் திரும்பாது. போன மாதம் ஒரு அம்மா சாவியும் கையுமாக எங்கள் ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டார். "கூடத்துக்கு நடுவுல தூண் நிக்குதேம்மா, படத்துல இல்லையே" என்று கேட்டார். முதலாளி என்னைக் கைகாட்டி, "அந்தப் பொண்ணு பண்ண தப்பு" என்றார். தூணை மறைக்கச் சொன்னதே அவர்தான்.  இந்த இடத்தை விட்டுப் போக வேண்டும் அண்ணா. காட்சிக்கூடம் என்று நீ எழுதியதை அம்மாவுக்கு மூன்று முறை படித்துக் காட்டினேன்.

சரி, உன் மாடல். கேமராவுக்கு ஆறு நிறுத்தங்கள் வைத்தேன். நடுவில் இருக்கும் பாதையைக் கம்ப்யூட்டரே போட்டுக்கொள்ளும். இரண்டாவது நிறுத்தம் முன்பக்கம், மூன்றாவது நேர் பின்பக்கம். சுற்றிக்கொண்டு போகச் சொல்ல மறந்துவிட்டேன். அது குறுக்குவழியாக மூலக்கூறுக்குள்ளேயே புகுந்து பின்னால் வெளியே வந்தது. வரும் வழியில் ஒன்றைப் பார்த்தேன். பின்பக்கம் ஆறு முனை வளையம் ஒன்று இருக்கிறதல்லவா, அதன் ஓட்டைக்குள்ளே ஒரு சங்கிலி நுழைந்து அந்தப் பக்கம் போகிறது. ஜன்னல் கம்பிக்குள் தலையை விட்டுக்கொண்டவன் மாதிரி. வளையத்தின் ஒரு பக்கம் மட்டும் மற்றதைவிட நீண்டு கிடக்கிறது.

எனக்கு வேதியியல் தெரியாது. ஆனால் குழாய் ஜன்னலுக்குள் போனால் வீடு தப்பு என்று தெரியும். இது இப்படித்தான் இருக்குமா?

முதல் ஒரு நிமிடத்தை மட்டும் முடித்து வேறொரு டிரைவில் இதோடு அனுப்புகிறேன். பார்த்துவிட்டுப் பதில் போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை

*

மார்ச் 30

அன்புத் தங்கைக்கு,

தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. இங்கே மூச்சு விட நேரமில்லை. அம்மாவுக்கு முழங்காலில் வெந்நீர் ஒத்தடம் கொடு.

நீ அனுப்பிய முதல் நிமிடம் பிரமாதம். பேராசிரியர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். குழிக்குள் இறங்கும்போது வேகத்தைக் குறை. மருந்து உட்காரும் இடத்தில் ஒரு நொடி நிறுத்து. பின்னணி கறுப்பு வேண்டாம், வெளிர் நீலம். முழுச் சுற்று தேவையில்லை, முன்பக்கம் போதும்.

மே 20 கூட்டம். மறந்துவிடாதே.

அண்ணன்

*

ஏப்ரல் 8

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் சுகம். ஒத்தடம் கொடுக்கிறேன்.

வேகம், நிறம், நிறுத்தம் எல்லாவற்றுக்கும் பதில் எழுதிவிட்டாய். வளையத்தைப் பற்றிக் கேட்டேன், அதற்கு மட்டும் இல்லை. "முன்பக்கம் போதும்" என்ற இரண்டு சொல்தான் பதிலா? எங்கள் முதலாளியும் இதையே சொல்வார், அதே இரண்டு சொல்.

அது உனக்குத் தெரியாமல் இருக்கிறதா, தெரிந்தே இருக்கிறதா? அதை மட்டும் எழுது. தெரியாமல் இருந்தால் திருத்து. தெரிந்திருந்தால் நான் எதை மறைக்கிறேன் என்று தெரிந்துகொண்டு மறைக்கிறேன்.

தங்கை

*

ஏப்ரல் 20

அன்புத் தங்கைக்கு,

நலம்தானே?

தெரியும். நீ எழுதிய பிறகுதான் தெரிந்தது. அந்தப் பின்பக்கச் சங்கிலிக்குத் தரவு கிடைக்கவில்லை, அந்த இடம் காலியாக இருந்தது. காலியாக விட்டால் மாடல் முடியவில்லை என்பார்கள். நானே ஒரு சங்கிலியை இட்டு நிரப்பினேன். நிரப்பும்போது அது வளையத்துக்குள் விழுந்திருக்கிறது. உலகத்தில் அப்படி ஒரு மூலக்கூறு இருக்க முடியாது. எடுத்து வெளியே போட்டால் பக்கத்தில் இருப்பதெல்லாம் நகரும், குழியின் வடிவமும் மாறும். முதலிலிருந்து கட்ட மூன்று மாதம் ஆகும். கூட்டத்துக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. இந்தக் கூட்டத்தில்தான் எனக்கு நிரந்தர வேலை என்பது முடிவாகும். நான் நிரந்தரமானால்தான் காட்சிக்கூடத்துக்கு உன்னைச் சொல்ல எனக்கு வாய் இருக்கும்.

கூட்டம் முடிந்ததும் நானே திருத்திவிடுவேன். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

கூடத்துக்கு நடுவில் நின்ற தூணையே மறைத்தவள் நீ. இது சின்ன வளையம்.

அம்மாவிடம் என் அன்பைச் சொல்.

அண்ணன்

*

ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம்.

முடித்துவிட்டேன். இதோடு வரும் புது டிரைவில் இருக்கிறது. எப்படிச் செய்தேன் என்று எழுதிவைக்கிறேன், யாராவது கேட்டால் உளறாமல் சொல்.

முழுச் சுற்று இல்லை. மூலக்கூறு ஊஞ்சல் போல இடமும் வலமும் ஆடும், முப்பத்தைந்து டிகிரி. நாற்பதுக்குப் போனால் வளையத்தின் விளிம்பு தெரிகிறது, முப்பதில் ஆட்டமே தெரியவில்லை. ஆடுவதைப் பார்ப்பவனுக்கு எல்லாப் பக்கமும் பார்த்துவிட்ட திருப்தி வந்துவிடும். தூரத்தில் இருப்பதற்கெல்லாம் லேசாகப் பனி போட்டிருக்கிறேன். ஆழம் தெரிய வேண்டும் என்பதற்காகப் போட்ட பனி என்று நினைத்துக்கொள்வார்கள். கேமரா குழிக்குள் இறங்கும்போது முன்னால் இருப்பதைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெட்டுத் தளம் கத்தி போலச் சீவிக்கொண்டே போகும், பனி பின்னாலிருப்பதை விழுங்கும். மருந்து வந்து உட்காரும் நேரத்தில் கண் வேறெங்கும் போகாது. ஒளியையும் அந்த இடத்தில் மட்டும் ஒரு சொட்டு கூட்டினேன்.

ஆறு வருடத்தில் நான் செய்த வேலைகளிலேயே இதுதான் உருப்படி. பத்துத் தடவை ஓட்டிப் பார்த்தேன். பொய் என்று தெரிந்த எனக்கே அது நம்பும்படி இருந்தது. வெட்கமாக இருக்க வேண்டும், ஆனால் பெருமையாக இருக்கிறது. இதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

கடைசியில் நான்கு நொடிக்கு என் பெயர் போட்டிருக்கிறேன். "கேமராவும் காட்சியும்" என்று. அதை மட்டும் எடுத்துவிடாதே.

தங்கை

*

ஜூன் 18

அன்புத் தங்கைக்கு,

நீயும் அம்மாவும் சௌக்கியம் என்று நம்புகிறேன். நான் சௌக்கியம் என்பதைவிட ஒரு படி மேலே இருக்கிறேன். நிரந்தரம் ஆகிவிட்டது!

மருந்து உட்கார்ந்ததும் மொத்தக் கூடமும் கை தட்டியது. முன்வரிசையில் இருந்த ஒரு பெரிய மனிதர், "நானே உள்ள போய்ட்டு வந்த மாதிரி இருக்கு" என்றார். மூன்று நாள் கழித்து ஆராய்ச்சிக்குப் பணம் வந்துவிட்டது.

காட்சிக்கூடத்து இடத்தை மட்டும் இந்த வருடம் தள்ளிவைத்துவிட்டார்கள். கைவசம் ஒரு இடம்தான் இருந்தது. படத்தைப் பார்த்த சூட்டில் பேராசிரியர், "உடனே இந்தக் குழிக்கு ஏத்த மருந்தைச் செஞ்சு பாக்கணும்" என்று அதை ஒரு ஆராய்ச்சி மாணவிக்குக் கொடுத்துவிட்டார். பத்தாம் தேதி வந்து சேர்ந்தாள். நாள் முழுக்கத் தலை தூக்காமல் வேலை செய்கிறாள். அதனால் எல்லாரும் அவளை எறும்பு என்கிறோம். அடுத்த வருடம் உனக்குக் கட்டாயம் பார்க்கலாம்.

அண்ணன்

*

ஜூலை 3

அண்ணனுக்கு,

அம்மாவுக்கு நலம். மாடிப்படி இன்னும் முடியவில்லை.

உங்கள் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் படத்தைப் போட்டிருக்கிறார்கள். பார்த்தேன். என் நான்கு நொடி இல்லை. "மாடலும் காட்சியும்" என்று போட்டு உன் பெயர் இருக்கிறது. கீழே ஒருவர், "இவருக்குக் கேமராக் கண் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார். நீ நன்றி என்று பதில் எழுதியிருக்கிறாய்.

அதை விடு. அந்த எறும்பிடம் சொல்லிவிட்டாயா? கூட்டம் முடிந்ததும் திருத்துவேன் என்றாய். அந்தப் பெண் ஒரு பொய்க் குழிக்கு மருந்து செய்துகொண்டிருக்கிறாள். யாருக்கும் நஷ்டமில்லை என்று எழுதினாயே, இப்போது நஷ்டத்துக்கு ஆள் வந்துவிட்டாள். சொல்லிவிடு.

தங்கை

*

ஜூலை 25

அண்ணனுக்கு,

போன கடிதம் கிடைத்ததா? அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

தங்கை

*

ஜனவரி 11

அன்புத் தங்கைக்கு,

இத்தனை மாதம் எழுதாததற்கு என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. அம்மாவின் முழங்காலுக்கு இங்கே நல்ல மருத்துவர் இருக்கிறார், விசாரித்துவைத்திருக்கிறேன். உங்கள் இருவரையும் பார்க்கக் கண் தேடுகிறது.

எறும்பு இருபத்து மூன்று மருந்து செய்தாள். வாரத்துக்கு ஒன்று. ஒன்றுகூட ஒட்டவில்லை. போன மாதம் மாடலைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறாள். நேராகப் பேராசிரியர் அறைக்குப் போய், "சார், இந்தச் சங்கிலி வளையத்துக்குள்ள போகுது சார்" என்றாள். இப்போது விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள்.

குழுவுக்கு ஒரே ஒரு கேள்விதான். இந்தத் தப்பு எப்போது வந்தது? செப்டம்பரில் கோப்பை ஒழுங்குபடுத்தச் சொல்லி அவளிடம் கொடுத்திருந்தேன். அதனால் கடைசியாகச் சேமித்த பெயர் அவளுடையது. பழைய கோப்பு இங்கே எதுவும் இல்லை. மே மாதப் படத்தைப் போட்டுப் பார்த்தார்கள், அதில் பின்பக்கமே தெரியவில்லை. மிச்சம் இருப்பது நீ மட்டும்தான். கேமரா வேலையை வெளியே ஒரு ஸ்டூடியோவில் செய்வித்தேன் என்று சொல்லி உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். வெளியே கொடுத்ததற்கு ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். நீ என் தங்கை என்று இங்கே யாருக்கும் தெரியாது.

நீ எழுத வேண்டியது ஒரு வரி. பிப்ரவரியில் வந்த மாடலில் இந்தக் குறை இல்லை. அவ்வளவுதான். அவளுக்கு வயது இருக்கிறது, வேறெங்காவது சேர்ந்துகொள்வாள். எனக்கு இந்த வேலை போனால் அப்புறம் எதுவும் இல்லை. அவள் போனால் அந்த இடத்தைக் காட்சிக்கூடத்துக்கு மாற்றிவிடுவதாகப் பேராசிரியர் சொல்கிறார். படத்தைச் செய்த ஆளையே எடுக்கலாம் என்று அவர் வாயாலேயே சொன்னார். அவள் இருக்கும் விடுதி அறையும் அந்த இடத்தோடு சேர்ந்தது.

பழைய பென் டிரைவை உடைத்துப் போட்டுவிடு.

உன் அண்ணன்

*

ஜனவரி 19

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

வணக்கம். முன்பின் தெரியாதவள் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும்.

ஜூனில் இங்கே ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவள் நான். இங்கே என்னை எறும்பு என்பார்கள். மே மாதப் படத்துக்குக் கேமரா செய்தது நீங்கள் என்று குழு சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நான் இந்த ஆய்வுக்கூடத்தையே தேர்ந்தெடுத்தேன். மூலக்கூறுக்குள் கேமரா இறங்கும் இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. உங்களைப் பாராட்டி எழுத வேண்டிய கடிதத்தை இப்படி எழுத வேண்டியிருக்கிறது.

அந்த வளையத்தை நான்தான் கெடுத்தேன் என்கிறார்கள். நான் கோப்பில் பெயர்களைத்தான் வரிசைப்படுத்தினேன், அணு எதையும் தொடவில்லை. இருபத்து மூன்று வாரம் அந்தக் குழியை நம்பி வேலை செய்தேன். கரைப்பான் பட்டு விரல் நுனியில் தோல் உரிந்துவிட்டது. வாசல் கதவுக் கருவிக்கு இப்போது என் கைரேகை தெரிவதில்லை. அதற்கும் சிரிக்கிறார்கள். தப்புச் செய்தேன் என்று எழுதிவிட்டால் எந்த ஆய்வுக்கூடமும் என்னைச் சேர்க்காது. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்.

நீங்கள் முழு மாடலையும் உள்ளே போய்ப் பார்த்திருப்பீர்கள், கேமராவை அப்படி ஓட்ட வேண்டுமென்றால் பார்த்தே ஆக வேண்டும். அந்த வளையத்தை முதலில் எப்போது பார்த்தீர்கள்? தேதி மட்டும் போதும் அக்கா. பழைய கோப்பு இருந்தால் இன்னும் நல்லது. மாடலைக் கட்டியவருக்கும் உங்களுக்கும் வேலைப் பழக்கம் மட்டும்தான் என்று அவரே சொன்னார். யார் பக்கமும் சாயாமல் நீங்கள் உள்ளதைச் சொல்வீர்கள் என்ற ஒரு நம்பிக்கைதான் எனக்கு.

பணிவுடன்,
எறும்பு

*

ஜனவரி 27

அண்ணனுக்கு,

அம்மாவும் நானும் நலம். நீ கண் தேடுகிறது என்று எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், அழுதாள். நான் அழவில்லை.

கை தட்டினார்கள், அப்போது கேமரா உன்னுடையது. குழு உட்கார்ந்தது, உடனே கேமரா என்னுடையதாகிவிட்டது. என் பெயரை நாலு நொடி போட உனக்கு இடமில்லை. குற்றப் பத்திரிகையில் முழுதாக எழுதிக் கொடுத்திருக்கிறாய்.

அந்தப் பெண் எனக்கும் எழுதியிருக்கிறாள். மூன்று நாள் அந்தக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போய்வந்தேன். உண்மையை எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன், தேதியைக்கூட எழுதினேன். நேற்று ஒரு புது வீடு வந்தது. படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே மின்மாற்றி. முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "அதை எடுத்துட்டு ஒரு மரம் வை" என்றார். வைத்தேன். இலை அசைய வேண்டும் என்றார், அசைய வைத்தேன். உண்மையை எழுதினால் அவள் அங்கேயே இருப்பாள். நான் இங்கேயே மரம் வைத்துக்கொண்டிருப்பேன். அது எனக்கு ஆகாது.

குழுவுக்கு நீ கேட்ட வரியை எழுதிவிட்டேன். நகல் இதனுடன்.

டிரைவை உடைக்கவில்லை, உடைக்கவும் மாட்டேன். நீ கையால் எழுதிய ஏப்ரல் கடிதத்தையும் அதோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நான் அங்கே வேலையில் இருக்கும் வரை அது பெட்டியை விட்டு வெளியே வராது. வேலை உத்தரவு பிப்ரவரிக்குள் வர வேண்டும். இனி வரும் படங்களில் என் பெயர் முதலில் வரும், உன் பெயர் அதற்குக் கீழே. அம்மாவையும் கூட்டிவருகிறேன். அவள் உன் வீட்டில்தான் இருப்பாள், ஏழு வருடம் நான் பார்த்தாயிற்று.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ நன்றாக இருந்தால்தான் எனக்கு நல்லது.

தங்கை

*

ஜனவரி 28

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். உங்கள் கைவிரல்கள் விரைவில் குணமாக வேண்டும்.

படத்தைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு நன்றி. என் வேலையைப் பற்றி ஒருவர் எனக்கே எழுதியது இதுதான் முதல் தடவை.

நீங்கள் கேட்ட விவரம். பிப்ரவரியில் எனக்கு வந்த மாடலை எல்லாப் பக்கமும் பார்த்தேன். நீங்கள் சொல்லும் குறை அதில் இல்லை. பழைய கோப்பு என்னிடம் இல்லை. குழுவுக்கும் இதையே எழுதியிருக்கிறேன்.

உங்களுக்கு நல்ல இடம் வேறெங்காவது கிடைக்கும் என்று நம்புகிறேன்.

மார்ச் முதல் வாரம் நான் அங்கே வேலைக்கு வரவிருக்கிறேன். உங்கள் விடுதி அறையைத்தான் எனக்கு ஒதுக்குவார்கள் என்று கேள்விப்பட்டேன். எந்தத் தேதியில் காலி செய்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதினால் டிக்கெட் எடுக்க வசதியாக இருக்கும்.

அன்புடன்,
அக்கா